கதவுல ஒரு ஸ்க்ரூ

2025 ஜூன் 16, திங்கள்

மொளகுக்குட்டி, இன்னைக்கு உன் பங்கு என் பேருக்கு மாறி வந்திருச்சு. ஜெனிபர் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கிட்ட கூட்டிட்டுப் போய் போனுல காட்டினாங்க. அங்கதானே நெட்டு கிடைக்குது. கண்ணாயி ராசப்பன்னு இங்கிலீசுல இருக்குதாம். உன் பேரு எங்கன்னு கேட்டேன். பேரு மாறினா பழைய பேரு இருக்காதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் வாய் கேட்டுருச்சு.

இந்த டைரி நீ பொங்கலுக்குக் கொண்டாந்தது. அட்டையில வெள்ளைக் கார் படம். ஷோரூம்ல எல்லாருக்கும் கொடுத்தாங்க, எனக்கு எழுத நேரமில்லை, நீயே வச்சுக்கம்மான்னு சொன்ன. அஞ்சாப்பு படிச்சவ டைரியில என்னத்த எழுதறதுன்னு நான் சிரிச்சேன். மாசியில நீ போயிட்ட. இப்ப உன்கிட்டப் பேச எனக்கு வேற இடம் இல்லை.

பங்குன்னா என்னன்னு டீச்சர் பொறுமையா சொன்னாங்க. நீ வேலை செஞ்ச கம்பெனி நாலு ஊர்ல கார் விக்குது, ரிப்பேர் பார்க்குது. அந்தக் கம்பெனியில ஒரு துளி உன்னோடது. மாசம் மாசம் சம்பளத்துல எடுத்து அந்தத் துளியை வாங்கிச் சேர்த்திருக்க. அவங்க சொல்லச் சொல்ல எனக்கு ஆடு வாரத்துக்கு விடறதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆடு நம்மது, மேய்க்கறது அவங்க. குட்டி போட்டா ஆளுக்குப் பாதி. நோவுல செத்துப் போச்சுன்னா தோலைக் கொண்டாந்து காட்டுவாங்க. அதுக்கு மேல நாம ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. இதைச் சொன்னதும் டீச்சர், ஏறக்குறைய அதேதாங்கன்னாங்க.

அப்ப ஆடு நல்லா இருக்குதான்னு கேட்டேன்.

இளைச்சுப் போயிருக்குதுங்கக்கான்னாங்க. நீ வாங்கின விலையில பாதிதான் இப்ப நிக்குதாம்.


ஜூன் 18

மழை. உன் துணி மூட்டையைப் பிரிக்கலாம்னு எடுத்தேன். கட்டினபடியே திரும்ப வச்சுட்டேன்.


ஜூன் 29, ஞாயிறு

உங்கய்யன்கிட்ட இன்னைக்குத்தான் சொன்னேன். மரவள்ளிக் காட்டுல களை எடுத்துக்கிட்டே கேட்டுச்சு. நிமிரவே இல்லை. கடைசியில, "வித்துப்போட்டு பேங்குல போடு புள்ள"ன்னுச்சு.

"இருக்கட்டுமுங்க"ன்னேன்.

"என்ன இருக்கட்டும்? அவ வயித்தக் கட்டிச் சேத்தது. கரைஞ்சு போறதப் பாத்துட்டு உக்காந்திருப்பியா? அப்புறம் அவளோடதுன்னு ஒண்ணும் மிஞ்சாது."

உங்கய்யன் சொல்றதும் நியாயம்தான். ஆனா எனக்கு அது காசு மாதிரித் தெரியலை. நீ முதல் தடவை வாங்கினப்ப போன் பண்ணினியே. "அம்மா, எங்க ஷோரூம் கண்ணாடிக் கதவுல ஒரு ஸ்க்ரூ இனிமே எனக்குச் சொந்தம்"ன்னு சொன்ன. ஸ்க்ரூவ வாங்கி என்னடி பண்றதுன்னு கேட்டேன். "கழண்டு விழாம பாத்துக்கறது"ன்ன. சேர்ந்த புதுசுல உன்னை மலையாளம்மான்னு கேலி பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்க, மலையில இருந்து வந்தவன்னு. அந்த ஸ்க்ரூ வாங்கினதுக்கப்புறம் நீ அதைச் சொல்றதே இல்லை.

அதே ஆளுங்கதான் ஆஸ்பத்திரிக்கும் வந்தாங்க. டெங்குன்னு சொல்லி ரத்தம் கேட்டப்ப சர்வீஸ்ல இருந்தவங்க எல்லாரும் யூனிபார்மோட வந்து வரிசையில நின்னாங்க. கையெல்லாம் கிரீஸ். நர்ஸம்மா கழுவிட்டு வரச் சொல்லித் திட்டினாங்க. உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்த ஆம்புலன்சுக்குப் பின்னாலயே, டெஸ்ட் டிரைவ்னு எழுதின காருங்க வரிசையா மலை வளைவு அத்தனையும் ஏறி வந்துச்சு. ஓட்டிப் பார்க்கறதுக்கு வச்சிருக்கற புதுக் காரு. அதுல வந்து நம்ம வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. அவங்களுக்கு நான் ஒரு வாய் தண்ணி கொடுத்தேனான்னு கூட எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் கம்பெனிக்கு இப்ப கஷ்டம்னா, இன்னைக்கே என் ஆட்டைப் பிடிச்சுட்டு வந்துடணுமா?


ஜூலை 11, வெள்ளி

டீச்சர்கிட்ட கேட்டேன், எதனால இப்படி இறங்குதுன்னு. ஜனங்க புதுக் கார் வாங்க யோசிக்கிறாங்களாம். சின்னக் கார் சுத்தமா நகரலையாம். கார் செய்யற கம்பெனிக்காரன் அனுப்பிட்டே இருக்கான், கடைக்காரங்க இடமில்லாம நிறுத்தி வச்சிருக்காங்களாம். அவங்க பேப்பர்ல படிச்சதைச் சொன்னாங்க. "எனக்கும் இதுல பெரிசா தெரியாதுங்கக்கா. விக்கறதா வச்சுக்கறதான்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க, எனக்குத் தூக்கம் வராது"ன்னாங்க. பாவம், ஊரை விட்டு இங்க வந்து வேலை பார்க்கற பொண்ணு. நம்ம கவலையையும் சுமக்குது.

எங்கம்மா வாரத்துக்கு ஆடு விட்டா, மழைக்கு முன்னால ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வரும். வெறுங்கையோட போகாது. எலும்பு தெரியுதா, கண்ணு தெளிவா இருக்குதா, மேய்க்கறவன் சாப்பிடறானா, எல்லாம் பாத்துட்டு வரும்.

திங்கக்கிழமை போறேன். பின்னால இருக்கற பலாவுல ஒண்ணு பழுத்திருக்கு.


ஜூலை 14, திங்கள்

விடியறதுக்குள்ள செம்மேட்டுல பஸ் ஏறிட்டேன். பழத்தைச் சாக்குல கட்டிக் காலடியில வச்சேன். கண்டக்டர், "ஆத்தா, பழத்துக்கும் டிக்கெட் போடட்டுமா?"ன்னான். "அதுக்கொரு சீட்டு குடு சாமி, போட்டுக்க"ன்னேன். ஒவ்வொரு வளைவுலயும் பழம் உருண்டு போய் யார் காலையாவது இடிச்சுட்டு வந்துச்சு. நாமக்கல் போறதுக்குள்ள பஸ்சுல எல்லாருக்கும் அது சொந்தமாயிருச்சு.

ஷோரூமுக்குப் போய் சர்வீஸ் கவுண்டர் எங்கன்னு கேட்டுப் போனேன். உன் நாற்காலியில ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. புதுசு. என்னைப் பாத்ததும், "பழம் வேண்டாங்கம்மா, உள்ள விக்கக் கூடாதுங்க"ன்னுச்சு.

"விக்க வரலை கண்ணு. நானும் இந்தக் கம்பெனியில பங்கு வச்சிருக்கறவ. எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அது என்னையும் பார்க்குது, சாக்கையும் பார்க்குது. மேனேஜரைக் கூப்பிடறேங்கன்னு போனை எடுத்துச்சு. தப்பான இடத்துல வந்து தப்பாப் பேசிட்டேனோன்னு சாக்கை ஓரமா நகர்த்தி வச்சேன். கார் கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுது. எண்ணெய் வழிஞ்சு, தலை கலைஞ்சு. அப்பத்தான் கதிரேசன் என்னைப் பாத்தது. உனக்கு மேல போர்மேனா இருந்ததே, அதான். உள்ள இருந்து ஓடியே வந்துச்சு. "குழலியோட அம்மாங்க"ன்னு சொன்னது மட்டும்தான். ரஞ்சிதா எழுந்து நின்னுருச்சு. உன் நாற்காலியை என் பக்கம் தள்ளுச்சு.

நான் உக்காரலை கண்ணு. என்னால முடியலை.

மேனேஜர் கிருஷ்ணகுமாரி அம்மா வந்தாங்க. அவங்களுக்கும் என்னை நல்லா ஞாபகம் இருந்துச்சு. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன், சிரிக்கலை. "நீங்க பார்க்கலாங்கம்மா. ஆனா பாத்துட்டு விக்கறதா வச்சுக்கறதான்னு என்கிட்டக் கேட்டா நான் சொல்லக் கூடாதுங்க. நான் இங்க சம்பளம் வாங்கறவ"ன்னாங்க. அப்புறம், "காலையில சாப்பிட்டீங்களா?"ன்னாங்க.

கதிரேசன் பின்பக்கம் கூட்டிட்டுப் போச்சு. அங்க காருங்க நிக்குது கண்ணு. சீட்டுக்கு மேல போட்ட பிளாஸ்டிக் கூடப் பிரிக்காம, வெயில்லயும் மழையிலயும். மேல செம்மண் படிஞ்சு எது வெள்ளை எது சாம்பல்னு தெரியலை. டயரைச் சுத்தி புல்லு மொளச்சிருக்கு. ஒரு காருக்கு அடியில பிரண்டை படர்ந்து கிடக்குது. அந்தப் பக்கம் ரிப்பேர் கொட்டாயில மட்டும் ஒரே சத்தம், கூட்டம்.

"புதுசு வாங்க யோசிக்கிறாங்க, பழசையே ஓட்டறாங்கம்மா. எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லைங்க. ஆனா இங்க வர்ற காசு, கடன்ல வாங்கி அங்க நிக்கற காருக்கு வட்டி கட்டவே போயிருது"ன்னுச்சு கதிரேசன்.

ஆடு இளைச்சது எனக்குப் புரிஞ்சுது. மேய்க்கறவங்க மேல தப்பில்லைங்கறதும் புரிஞ்சுது.

சும்மா நிக்க முடியலை. குனிஞ்சு டயரைச் சுத்தி இருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பிச்சேன். ஒரு மெக்கானிக் பையன் பாத்துட்டு, "ஏனுங்க ஆத்தா, அது கார் நிறுத்தற இடமுங்க, கடலைக்காடு இல்லீங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மாசிக்கு அப்புறம் சத்தம் போட்டுச் சிரிச்சது இன்னைக்குத்தான். அப்புறம் அவனும் குனிஞ்சு பிடுங்கினான்.

மத்தியானம் கொட்டாயில பேப்பரை விரிச்சுப் பழத்தை அறுத்தேன். பால் கையில ஒட்டுது, தேங்கா எண்ணெய் இருக்குதான்னு கேட்டா ஒருத்தன் என்ஜின் ஆயில் டப்பாவைத் தூக்கிட்டு வரான். கிருஷ்ணகுமாரி அம்மாவும் வந்து கொட்டாயிலயே நின்னு சுளை தின்னாங்க. நீ எப்படிச் சிரிப்ப, கோவம் வந்தா எப்படி பில்லை வேகமா அடிப்ப, எல்லாம் சொன்னாங்க. உன்னை மொளகுன்னு கூப்பிடறது நம்ம வீட்டுல மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். நீயே சொல்லி வச்சிருக்க. அங்கயும் நீ மொளகுதான்.

கிளம்பறப்ப கதிரேசன்கிட்ட, எந்த ஸ்க்ரூ என் புள்ளையோடதுன்னு கேட்டேன். கதவுல நீளமா கைப்பிடி, மேலயும் கீழயும் ஸ்க்ரூங்க. கதிரேசன் தலையைச் சொறிஞ்சுது. "குழலி தினமும் காலையில வந்ததும் கைப்பிடியத் தட்டிப் பாக்குமுங்கம்மா. நம்மது டைட்டா இருக்குதான்னு கேக்கும். எதுன்னு நாங்க யாரும் கேட்டுக்கலீங்களே"ன்னுச்சு.

நானும் தட்டிப் பாத்துட்டு வந்தேன். எல்லாம் டைட்டாத்தான் இருக்குது.


ஜூலை 15

கை இன்னும் பிசுபிசுன்னு இருக்குது. விக்க மாட்டேன்னு உங்கய்யன்கிட்ட சொல்லிட்டேன். மம்பட்டியை எடுத்துக்கிட்டு காட்டுக்குப் போயிருச்சு.


ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

ஓரி ராசாவுக்கு நம்ம மலையில விழா, ஒரே கூட்டம். கீழ இருந்து கார் கார்னு வந்துட்டே இருக்குது. இறங்கறப்ப பிரேக் கருகற வாசம் நம்ம காடு வரைக்கும் வருது. வளைவுக்கு வளைவு பானெட்டைத் தூக்கி வச்சுட்டு நிக்கறாங்க. தண்ணி கேட்டு வந்தவங்களுக்குக் குடம் குடமா கொடுத்தேன்.

ஒண்ணு சொல்றேன், நீ யாருகிட்டயும் சொல்லிடாத. உங்கய்யன் ரோட்டோரமா நின்னு, நிக்கற ஒவ்வொரு காருக்கும் பின்னால போய்ப் போய்ப் பாத்துச்சு. என்னத்தப் பாக்கறீங்கன்னா அடுத்த காருக்கு நடந்துச்சு. அப்புறம் பாத்தேன். எந்தக் கடையில வாங்கினதுன்னு பின்கண்ணாடியில ஒட்டியிருப்பாங்களே, அதை எழுத்துக் கூட்டிப் படிக்குது. உன் கம்பெனி பேரைத் தேடுது. ஒண்ணு கிடைச்சிருக்கும்போல. அந்தக் காருக்கு மட்டும் ரெண்டு குடம் ஊத்துச்சு.


ஆகஸ்ட் 21, வியாழன்

தீபாவளிக்குள்ள காருக்கு வரி குறையப் போகுதுன்னு சொல்லிட்டாங்களாம். அதனால வாங்க வந்த ஒண்ணு ரெண்டு பேரும், குறையட்டும்னு திரும்பிப் போயிட்டாங்களாம். பங்கு இன்னும் கீழ. டீச்சர் போனை என் கையில கொடுக்காம அவங்களே பாத்துட்டு உள்ள வச்சுட்டாங்க.

உங்கய்யன் சோத்துத் தட்டைத் தள்ளிடுச்சு. "உனக்குப் புள்ள வேணுமா, புள்ள காசு கரையறது வேணுமா? ரெண்டுமே இல்லாம பண்ணிட்டு நிக்கற"ன்னுச்சு. நான் என்ன பண்ணினேன் மொளகு, நானா உன்னை... இல்லை. அதுவும் அப்படி நினைச்சுச் சொல்லலை. தட்டை அதே எடுத்துக் கழுவி வச்சுட்டுப் போச்சு.

நான் செய்யறது சரியா? ஒரு சத்தம் கொடேன்.


செப்டம்பர் 1, திங்கள்

கதிரேசன் போன் பண்ணுச்சு. நாமக்கல் கடையை மூடறாங்களாம். வாடகை கட்டுபடி ஆகலையாம். இருக்கறவங்களைச் சேலத்துக்கு மாத்தறாங்க, வர முடியாதவங்களுக்குக் கணக்கு முடிச்சுடறாங்க. "உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சுங்கம்மா. நீங்களும் பங்கு வச்சிருக்கறவங்க இல்லீங்களா"ன்னுச்சு.

கேலியாச் சொல்லலை. நிசமாவே என்கிட்டச் சொல்லணும்னுதான் கூப்பிட்டிருக்கு.


செப்டம்பர் 2

உன் கதவு.


செப்டம்பர் 19, வெள்ளி

இன்னைக்கு என்ன சேதி தெரியுமா? பங்கு ஏறுதாம். வரி குறையறது ஒரு காரணமாம். நட்டத்துல ஓடின கடைங்களை மூடினது இன்னொரு காரணமாம். டீச்சர் சந்தோசமாத்தான் சொல்ல வந்தாங்க, பாதியில என் மூஞ்சியப் பாத்து நிறுத்திட்டாங்க.

என்னடி இது. உன் நாற்காலியத் தூக்கி வெளிய வச்சா உன் பங்குக்கு வெலை ஏறுமா? அந்தப் பொண்ணு ரஞ்சிதா எங்க போகும்? புல்லுப் பிடுங்கினானே, அவன் எங்க போவான்? இதுக்குத்தானா நான் உங்கய்யன்கிட்ட பேச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தேன்? எனக்கு வேண்டாம் இந்தக் காசு.

பொழுது எறங்கி மனசு ஆறினப்புறம் எழுதறேன். கணக்குப் பாக்கறவங்களுக்கு அது கணக்கு. வட்டி கட்டி மாளலைன்னு கதிரேசனே சொல்லுச்சே. யாரையும் திட்ட எனக்கு வாய் வரலை. உனக்கு நாலு வருசம் சோறு போட்ட இடம்.


செப்டம்பர் 28, ஞாயிறு

கதிரேசன் வந்துச்சு. பைக்குல, மழையில நனைஞ்சுக்கிட்டு. மடியில துண்டுல சுத்தி நீளமா என்னமோ. உங்கய்யன் வாசல்ல உக்காந்து கூடை முடைஞ்சிட்டு இருந்துச்சு. "என்னது, கடப்பாரையா?"ன்னுச்சு.

கதவுக் கைப்பிடி. கடையைக் காலி பண்றப்ப மேனேஜரம்மாகிட்டக் கேட்டு வாங்கியிருக்கு. "எந்த ஸ்க்ரூன்னு தெரியலீங்கம்மா. அதனால எல்லாத்தையும் சேத்துக் கழட்டிட்டேங்க"ன்னுச்சு. சின்ன டப்பாவுல ஸ்க்ரூங்க தனியா.

நான் அதை மடியில வாங்கி வச்சுட்டு உக்காந்துட்டேன். ஆடு செத்துப்போனா தோலைக் கொண்டாந்து காட்டற வழக்கம் இந்தப் புள்ளைக்குத் தெரியாது. அது டவுன்ல வளர்ந்தது. ஆனா மலையேறிக் கொண்டாந்து காட்டிருச்சு.

உங்கய்யன்தான் உள்ள போய் டீ போட்டுச்சு. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அது டீ போட்டு நான் பாத்ததில்லை. சக்கரையை அள்ளிப் போட்டுருச்சு. கதிரேசன் ஒரு சொட்டு விடாம குடிச்சுது.

சேலத்துக்குப் போகலையாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, விட்டுட்டுப் போக முடியாதாம். முள்ளுக்குறிச்சியில, மலை ரோடு இறங்கற இடத்துல ஒரு கொட்டாய் வாடகைக்கு வருதாம். பிரேக் கருகி இறங்கற காரெல்லாம் அங்கதான் நிக்கும், ரிப்பேர் கடை போட்டா ஓடும்னு சொல்லுச்சு. அப்ப போடலாமேன்னு உங்கய்யன் கேட்டுச்சு. அட்வான்சுக்கும் சாமானுக்கும் இன்னும் வழியில்லை, பாக்கலாங்கன்னு எழுந்துருச்சு. நம்மகிட்டக் கேக்க வரலை. பேச்சுவாக்குல சொன்னதுதான்.

கைப்பிடியை எடுத்து அது கையிலயே திருப்பிக் கொடுத்துட்டேன். உன் கடைக்கு வச்சுக்க சாமின்னேன்.


அக்டோபர் 5, ஞாயிறு

உங்கய்யன்கிட்ட சொல்லிட்டேன். பங்குல பாதியை வித்து கதிரேசனுக்கு வாரத்துக்குக் கொடுக்கறேன்னு.

"இப்பவா? ஏறிட்டு இருக்கறப்பவா விப்பாங்க? பொறு புள்ள, இன்னும் ஏறும்"ன்னுச்சு.

நான் பாத்த பார்வையில அதுக்கே சிரிப்பு வந்துருச்சு. மூணு மாசமா வித்துத் தொலைன்னு ஆடின மனுசன். தினமும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் டீச்சர்கிட்ட விலை கேட்டுட்டு வந்திருக்கு. டீச்சர்தான் சொன்னாங்க.

அப்புறம் மெதுவா, "அது கடை நொடிச்சுப் போனா?"ன்னு கேட்டுச்சு.

"போனா தோலைக் கொண்டாந்து காட்டும். காட்டற புள்ளதான்னு பாத்துட்டோமே"ன்னேன்.

உங்கய்யன் தலையாட்டுச்சு. மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும், நீ வாங்கினது. ஏறினாலும் இறங்கினாலும் அங்கயே மேயட்டும்.


அக்டோபர் 20, தீபாவளி

நாங்க கொண்டாடலை. ஜெனிபர் டீச்சர் ஊருக்குப் போகாம இருந்து எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. சின்னக் கார் நிறைய விக்குதாம். நிறுத்தி வச்சிருந்ததெல்லாம் நகர்ந்திருக்கும். அந்தப் பிரண்டை படர்ந்த காரையும் யாரோ பொட்டு வச்சு மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. நல்லா இருக்கட்டும்.

உன் பங்குல பாதி போன வாரம் வித்தாச்சு. நீ போட்டதுக்குக் குறைவுதான். நட்டம்தான் கண்ணு, எனக்கு மறைக்கத் தெரியாது. கதிரேசன் வாங்க மாட்டேன்னு அழுதுச்சு. வாரம்னா என்னன்னு உங்கய்யன் அரை மணி நேரம் வெளக்குச்சு. அதுக்கப்புறம்தான் வாங்கிச்சு.


டிசம்பர் 7, ஞாயிறு

இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் முள்ளுக்குறிச்சிக்குப் போயிட்டு வந்தோம். ஆட்டைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதே. பலா காலம் இல்லை. சாமையரிசியும் அன்னாசியும் கொண்டு போனேன்.

தகரக் கொட்டாய். கடை போட்டு ஒரு மாசம் ஆகுது. நாங்க போன நேரம் ஒரு கார்தான் நின்னுச்சு, சக்கரத்தைக் கழட்டி வச்சு. புல்லுப் பிடுங்கின பையன்தான் அந்தக் காருக்கு அடியில படுத்திருந்தான். தலையை மட்டும் நீட்டி, "ஆத்தா, இங்க புல்லு இல்லீங்க"ன்னான். ரஞ்சிதா சேலம் கடைக்குப் போயிருச்சாம், நல்லா இருக்குதாம். அது உன் கவுண்டருக்கு அடியில நீ ஒட்டியிருந்த நம்ம மலைச் சாமி அறப்பளீஸ்வரர் படத்தைக் கிழியாம எடுத்துக் கதிரேசன்கிட்டக் கொடுத்துட்டுப் போயிருக்கு. இங்க சுவத்துல ஒட்டியிருக்கு. ஓரத்துல உன் நகம் பட்ட சுரண்டல் அப்படியே இருக்குது.

கதிரேசன் கூச்சத்தோட, "இன்னும் குட்டி போடலீங்கம்மா"ன்னுச்சு.

"சினையே இப்பத்தான பிடிச்சிருக்கு. யாரு அவசரப்படுத்தறா?"ன்னுச்சு உங்கய்யன். போன ஆவணியில தட்டைத் தள்ளின மனுசன் பேசற பேச்சா இது. அப்புறம் ரோட்டுக்குப் போய் இறங்கற காரையெல்லாம் பாத்துட்டு நின்னுச்சு. கை காட்டி உள்ள வரச் சொல்லுமோன்னு பயமா இருந்துச்சு.

எனக்கு எத்தனை பேரைக் கொடுத்துட்டுப் போயிருக்க நீ. நீ இருந்தப்ப இவங்கள்ல ஒருத்தர் பேரு எனக்குத் தெரியாது. இன்னைக்கு அந்தக் கொட்டாயில எனக்குன்னு ஒரு நாற்காலி போடறாங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. நான் இதுக்கெல்லாம் என்ன செஞ்சேன்? உன்னைப் பெத்தேன், அவ்வளவுதான்.

கொட்டாய்க்கு ஓரமா ஆபீஸ் மாதிரி ஒரு சின்ன ரூம். மரக்கதவு. அதுல அந்தக் கைப்பிடி. கண்ணாடிக் கதவுக்குச் செஞ்சது, இதுக்கு ரொம்ப நீளம். கீழ் முனை தரையைத் தொடற மாதிரி இருக்குது. பாக்கறவங்க சிரிக்கறாங்களாம். இருந்தாலும் கழட்டலை. "காலையில கடை திறந்ததும் நான் தட்டிப் பாக்கறேங்கம்மா"ன்னுச்சு கதிரேசன்.

கிளம்பறப்ப நானும் தட்டினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவா விரலை வச்சுப் பாத்தேன். மேல இருக்கறது கொஞ்சம் பளபளன்னு இருந்துச்சு. கீழ இருக்கறதுல சின்னதா ஒரு கீறல்.

இதுல உன்னோடது எது, மொளகு?